தலைதட்டி அளந்த வள்ளம்

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள் அவள். புதுச்சத்திரம் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி ஓர் அறக்கட்டளை நடத்துகிற சின்ன அருங்காட்சியகத்துக்கு இப்போதைய காப்பாட்சியர்.

"மேடம், நிர்வாகக் குழுவுல ஒரு பேச்சு ஓடுதுங்க. எல்லாத்தையும் படம் புடிச்சு இணையத்துல ஏத்தியாச்சு, இனிக் கட்டடம் எதுக்கு, கல்யாண மண்டபமா மாத்திப்போட்டா என்னன்னு கேக்கறாங்க. நீங்க இத்தனை வருசம் இருந்தவங்க. ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்றாள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சேலத்திலிருந்து நாமக்கல் வரை இந்த ரோட்டில் மண்டபங்களை எண்ணிக்கொண்டு வந்தால் இரண்டு கை விரல் போதாது. ஆனால் கோபத்தில் எழுதினால் குழு படிக்காமல் மடித்து வைத்துவிடும். அதனால் நடந்தது ஒன்றை எழுதுகிறேன். நான் பெருமைப்படுகிற விஷயம் அல்ல, நான் செய்த ஒரு தப்பு.

நான் ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். சரித்திரம் படித்துவிட்டு, கல்யாணமான புதிதில், கை நிறையக் கண்ணாடி வளையலோடு வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது காப்பாட்சியராக இருந்தவர் சிதம்பரம் ஐயா, ஆத்தூர் பக்கத்துக்காரர். முதல் நாள் என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வாக்கியம், "வளையலைக் கழட்டி வெச்சுட்டு வாம்மா" என்பதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமியார் என்ன சொல்வாரோ என்ற பயம் வேறு. வளையல் பட்டு ஒரு மண்பானையில் கீறல் விழுந்தால் அதை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது என்பது புரிய ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் வளையல் போடுகிற பழக்கமே போய்விட்டது.

சிதம்பரம் ஐயா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஒரு பொருளைத் தூக்கப் போனால் பின்னால் வந்து நின்றுகொண்டு, "எங்க வைக்கப் போற?" என்பார். வைக்கிற இடத்தைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்துவிட்டு வந்த பிறகுதான் தூக்கலாம். ஒரு கை அடியில், ஒரு கை பக்கவாட்டில். கைப்பிடி இருந்தால் கைப்பிடியைத் தொடக் கூடாது. இருக்கிறதிலேயே பழையதும் பலவீனமானதும் அதுதான் என்பார். பிறகு அட்டை எழுத வேண்டும். எண், பெயர், கிடைத்த இடம், கொடுத்தவர், அளவு, பயன், நிலை. எது தெரியாதோ அங்கே "தெரியவில்லை" என்று எழுத வேண்டும். நான் எதையாவது ஊகித்து எழுதிவிட்டால் அட்டையை என் பக்கம் தள்ளி, "இதை யாரு சொன்னாங்க?" என்று மட்டும் கேட்பார். நான் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? அழித்துவிட்டு "தெரியவில்லை" போடுவேன். அந்த ஒரு வார்த்தையை நான் எழுதியது போல இந்த ஜில்லாவில் வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

அந்த முதல் வருசத்தில்தான் அந்த வள்ளம் வந்தது. இந்தப் பக்கத்தில் நெல்லும் கம்பும் அளக்கிற பழைய அளவைக்கு வள்ளம் என்று பெயர். இது மரத்தில் கடைந்து, சுற்றிலும் மூன்று இரும்புப் பட்டை அடித்தது. குட்டையாக, வாய் அகலமாக இருக்கும். மோகனூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஓர் ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் அதைத் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அவர்கள் ஊர்க் கோயில் பொங்கலுக்கு ஒவ்வொரு வீடும் ஒரு வள்ளம் நெல் அளந்து கொடுப்பது வழக்கமாம். கோயில் சாமான்கள் இருந்த பொது வீடு மழையில் விழுந்துவிட்டது. மரம் செல்லரிப்பதற்குள் பத்திரமாக இருக்கட்டும் என்று கொண்டுவந்திருக்கிறார். பெயர் நாச்சிமுத்து. கொடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதப் போனேன்.

"ஊர்ச் சாமானுங்க அம்மணி, என் பேரு எதுக்குங்க?" என்று தடுத்துவிட்டார். "ஊர்ப் பொதுமக்கள்" என்று எழுதினேன். பிறகு அவர், "இதை அளக்கறது எப்படீன்னா..." என்று ஆரம்பித்தார். எனக்கு அன்றைக்கு மூன்று பள்ளிக்கூட வேன்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தன. "சரிங்கய்யா, நாங்க பார்த்துக்கறோம்" என்று ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வெறும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் நான் அளந்தேன். மரப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த கடுகைக் கொட்டி, மட்டக்கோலால் தலைதட்டி, அதாவது விளிம்போடு வழித்துவிட்டு, அந்தக் கடுகை அளவு ஜாடியில் மாற்றிக் கணக்கெடுப்போம். அப்படியே செய்தேன். நாலு படி வந்தது. அட்டையில் "கொள்ளளவு: நாலு படி" என்று எழுதினேன். சிதம்பரம் ஐயா அட்டையைப் பார்த்தார். நான் உண்மையாகவே அளந்தது என்பதால் யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். எனக்கு அன்று வீட்டுக்குப் போகும் வரை சந்தோஷம்.

அதற்குப் பிறகு நடந்த பெரும்பாலானவற்றை விட்டுவிடுகிறேன். ஐயா ஓய்வு பெற்றார். நான் அந்த நாற்காலிக்கு வந்தேன். கூரை ஒழுகிற்று, அடைத்தோம். மறுபடி ஒழுகிற்று. பிள்ளைகள் வந்தார்கள். மேட்டூரிலிருந்து வந்தாலும் சரி, திருச்செங்கோட்டிலிருந்து வந்தாலும் சரி, பாடம் செய்து வைத்த நீர்நாய்க்கு முன்னால் நின்று எல்லாப் பிள்ளையும் ஒரே கேள்விதான் கேட்கும்: "டீச்சர், இது நெசமா?" நிஜம் என்று சொன்னதும் ஓர் அடி பின்னால் போகும், பிறகு இரண்டு அடி முன்னால் வரும். எத்தனை வருசம் பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததே இல்லை.

பிறகு இணையம் வந்தது. நான் அதற்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். சேலத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் கேமராவோடும் சுழல் மேசையோடும் வந்து, மூன்று மாதம் உட்கார்ந்து, எல்லாப் பொருளையும் படம் எடுத்தார்கள். கையைக் கழுவிக்கொண்டுதான் தொட்டார்கள். என் அட்டைகளில் இருந்ததை அப்படியே தட்டச்சு செய்து ஏற்றினார்கள். ஏற்றிய ஒரு மாதத்தில் மலேசியாவிலிருந்து ஒருவர், எங்கள் பித்தளை விளக்கு ஒன்றைத் தலைகீழாகப் படம் எடுத்திருப்பதாக எழுதினார். சரிபார்த்தால், நாங்கள் அலமாரியிலேயே அதை வருசக்கணக்காகத் தலைகீழாகத்தான் வைத்திருந்தோம். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நன்றி சொல்லிப் பதில் போட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருசம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை வேலுச்சாமி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு லாரி சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர். வெள்ளைச் சட்டை, கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங்க அம்மணி, இது நீங்க எழுதினதுங்களா?"

எங்கள் இணையப் பக்கத்தை அச்சு எடுத்திருந்தார். வள்ளத்தின் படம். கீழே, கொள்ளளவு நாலு படி.

"ஆமாங்க. நான்தான் எழுதினேன்."

"அப்படீன்னா எங்கப்பனைத் திருடன்னு சொல்றதுக்கு நீங்கதானுங்க சாட்சி" என்றார்.

அவர் நாச்சிமுத்துவின் மகன். விஷயம் இதுதான். வள்ளத்தை எங்களிடம் கொடுத்த பிறகு ஊருக்கு வேறு அளவை வேண்டியிருந்தது. நாச்சிமுத்து தகரக் கொல்லரிடம் சொல்லி ஒரு டின் செய்துகொண்டார். சாகும்வரை பொங்கலுக்கு அவர்தான் ஊருக்கு அளந்தார். அந்த டின் அஞ்சு படி பிடிக்கும். இப்போது நாச்சிமுத்துவின் அண்ணன் மகன், மேட்டூரில் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற துரைசாமி, எங்கள் இணையப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். பழைய வள்ளம் நாலு படி, சித்தப்பன் டின் அஞ்சு படி. அப்படியென்றால் வீட்டுக்கு ஒரு படி எங்கே போயிற்று? பங்காளிகள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டுவிட்டார். ஆளாளுக்கு எழுதினார்கள். அந்த வருசம் கோயில் பொங்கலே நின்றுபோனது. வேலுச்சாமி குழுவை விட்டு விலகவும் இல்லை, பதில் எழுதவும் இல்லை. அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். பங்காளிகள் வராத கல்யாணம் எங்கள் பக்கத்தில் கல்யாணமே இல்லை.

"எங்கப்பன் கோயல் நெல்லுல ஒரு மணி எடுக்கலீங்க. ஆனா உங்க கம்ப்யூட்டரு நாலுன்னு சொல்லுது. நான் என்னத்தச் சொல்லட்டும்?" என்றார்.

எனக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்தது. இதை அளக்கிறது எப்படியென்றால், என்று ஆரம்பித்தவரை ரசீதோடு அனுப்பி வைத்தது ஞாபகம் வந்தது. "சாயங்காலம் வரை இருக்க முடியுங்களா?" என்றேன். "எத்தனை நாளானாலும் இருக்கறேனுங்க" என்றார்.

மேசையில் துணி விரித்து, கையைக் கழுவி, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வள்ளத்தை எடுத்தேன். பதிவு செய்தபோது எடுத்ததற்குப் பிறகு பல வருசம் கழித்து அதை நிதானமாகப் பார்க்கிறேன். அப்போதுதான் விளிம்பைத் தடவினேன். கடைசல்காரன் விளிம்பின் உச்சியில் மெல்லிசாக ஒரு வரி ஓட்டியிருந்தான். நகத்தில் தட்டுப்படும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அந்த வரி சுற்றிலும் அப்படியே இருந்தது. எங்களிடம் நாழி, படி என்று வேறு அளவைகள் ஒன்பது இருந்தன. அவற்றையும் எடுத்துத் தடவினேன். எல்லாவற்றிலும் விளிம்பு வழவழவென்று தேய்ந்து, ஒரு பக்கம் இறங்கிக்கூட இருந்தது. கோல் வைத்து வழித்து வழித்து வந்த தேய்மானம். இந்த வள்ளத்தில் மட்டும் இல்லை. இதன்மேல் யாரும் கோல் வைத்ததே இல்லை, என் மட்டக்கோலைத் தவிர.

நெசவுக் குடும்பத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கெஜக்கோல். விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே அளவும் முடிந்துவிடும். அரிசியைக் கடையில் கிலோவில் வாங்கி வளர்ந்தவள் நான். நெல்லை விளிம்புக்கு மேலே கோபுரமாகக் குவித்து, இனி ஒரு மணியும் நிற்காது என்று சரிகிற வரை போட்டு அளப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் அட்டையில் கொள்ளளவு சரி. ஆனால் அது வள்ளம் அல்ல. வள்ளம் என்பது அந்தக் கோபுரத்தையும் சேர்த்துத்தான்.

சுழல் மேசையில் வைத்து எடுத்த படங்களையும் திறந்து பார்த்தேன். அந்த வரி ஒரு படத்திலும் இல்லை. படம் எடுத்த பிள்ளைகள் மேல் தப்பில்லை. விளிம்பை யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் எடுக்கவில்லை.

ஆனால் இதை வேலுச்சாமியிடம் நான் சொன்னால் மட்டும் போதுமா? அவர் போய்ச் சொன்னால் துரைசாமி நம்ப வேண்டுமே. ஊர்க்காரர்கள் கண் முன்னால் நெல்லைப் போட்டுத்தான் அளக்க வேண்டும். அதுதான் சிக்கல். அருங்காட்சியகத்துக்குள் தானியம் வரக் கூடாது என்று சட்டம் போட்டவளே நான். ஒரு மூட்டை நெல்லில் வண்டு வந்தால் மரச் சாமான் அத்தனையும் போய்விடும். ஆத்தூருக்குப் போன் போட்டேன். சிதம்பரம் ஐயாவுக்கு அப்போது எண்பதுக்கு மேல். நடந்ததைச் சொன்னேன்.

"அந்த அட்டையில என் கையெழுத்தும் இருக்குதில்ல?" என்றார்.

"இருக்குங்கய்யா."

"அப்போ தப்பு ரெண்டு பேருதும்மா. என்ன செய்யப் போற, எதுக்குச் செய்யற, என்ன கெட்டுப்போகலாம், எல்லாத்தையும் முதல்ல எழுது. எழுதிட்டுச் செய்."

எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. கட்டடத்துக்குள் வேண்டாம், முன்வாசல் நிழலில் செய்வோம் என்று முடிவு செய்தேன். நெல் மூன்று நாள் வெயிலில் காய்ந்து, புடைத்து, சலித்து வர வேண்டும். வேலை முடிந்ததும் வள்ளத்தை உள்ளே கொண்டுபோகாமல் காற்றுப் புகாத உறையில் தனியாக வைத்து வண்டு இல்லை என்று உறுதியான பிறகே பெட்டிக்கு. துரைசாமிக்கு நானே போன் செய்து கூப்பிட்டேன். "டாக்குமென்ட்ல தெளிவா இருக்குதுங்களே மேடம், அப்புறம் எதுக்குங்க?" என்றார். "அந்த டாக்குமென்ட் எழுதினவ நான்தானுங்க. எனக்கே சந்தேகம் வந்துருச்சு, வாங்க" என்றேன்.

நெல் காய்ந்ததும் ஊர்க்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். பெண்கள் நாலைந்து பேர், மற்றவர்கள் ஆண்கள். வேலுச்சாமி ஒரு தூணோரமாக நின்றார், துரைசாமி எதிர்த் தூணோரமாக. தகர டின்னும் வந்திருந்தது. வெள்ளை வேட்டி விரித்து, நடுவில் வள்ளத்தை வைத்தேன். விளிம்பு வரியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் அதைச் சொன்னால் நான் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும்.

"துரைசாமிங்க, நீங்களே அளங்க" என்றேன். "சின்ன வயசுல பொங்கலுக்கு அளக்கறதப் பார்த்திருப்பீங்கல்ல? அப்படியே செய்ங்க."

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். நான் சொல்லவில்லை, அவராகவே கழற்றினார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் நெல்லை வாரி வாரிப் போட்டார். நெல் விளிம்புக்கு வந்தது. அவர் கை நிற்கவில்லை. இன்னொரு வாரல், இன்னொரு வாரல். உள்ளங்கைகளை வளைத்து, நெல்லைச் சுற்றிலும் அணைத்து மேலே ஏற்றினார். கோபுரம் எழுந்தது. கடைசியில் விரல் நுனியால் உச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார், நாலைந்து மணி சரிந்து வேட்டியில் விழும்வரை. விழுந்ததும் கையை எடுத்தார்.

எடுத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. கையைப் பார்த்தார். நெல்லைப் பார்த்தார். வந்திருந்த பெண்களில் வயதானவர் ஒருவர், "அப்படித்தானப்பா அளக்கோணும். வேற எப்படி அளக்கறது?" என்றார், இதைக் கேட்க இத்தனை பேர் வந்தார்களா என்கிற மாதிரி.

அந்த நெல்லை டின்னில் கொட்டி விளிம்போடு வழித்தோம். சரியாக நிரம்பியது, ஒரு கைப்பிடி மிச்சம். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை ஒரு கைப்பிடி குறைந்தது. கோபுரம் கைவாக்குக்குத் தக்கபடி கூடக் குறைய வரும், அவ்வளவுதான். நாச்சிமுத்து பழைய வள்ளத்தில் குவித்து அளந்ததைத் தகரத்தில் வழித்து அளக்கும்படி கச்சிதமாகச் செய்திருக்கிறார். குவிக்கத் தெரியாதவர்களும் தகராறு இல்லாமல் அளக்கட்டும் என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம். அதை யார் சொன்னார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பிறகு விளிம்பைக் காட்டினேன். கை கழுவிக்கொண்டு வந்து ஒவ்வொருவராக அந்த வரியில் விரல் வைத்துப் பார்த்தார்கள். துரைசாமி கடைசியாக வந்தார். தடவிவிட்டு, எதிர்த் தூணுக்குப் போனார்.

"சித்தப்பன் அளந்தது சரிதான் வேலு. நான்தான் போனைப் பார்த்துப் பேசிப்போட்டேன்" என்றார்.

வேலுச்சாமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "புள்ளைக்குக் கல்யாணம். நீ வராம எப்படி நடத்தறது?" என்றார்.

"வாரேன். முந்தின நாளே ஊட்டுக்கு வந்தர்றேன்."

நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளுக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் நான் அழுதது அன்றுதான்.

அட்டையைத் திருத்த இரண்டு நிமிடம் ஆயிற்று. பழைய எழுத்தை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, சிவப்பு மையில் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இணையப் பக்கத்தில் அந்த ஒரு வரியைத் திருத்த எட்டு மாதம் கடிதம் எழுதினேன் என்பதையும் குழுவுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். இணையம் இல்லாவிட்டால் இந்தச் சண்டையே வந்திருக்காது. என் தப்பும் வெளியே வந்திருக்காது, அந்தப் பெட்டிக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். கேள்வி அங்கேயிருந்துதான் வந்தது. பதில் சொல்லப் பொருள் இங்கே இருந்தது. பொருளை மூட்டை கட்டி எங்கோ கிடங்கில் போட்டுவிட்டுப் படத்தை மட்டும் வைத்திருந்தால், நான் தப்பாக எழுதியது என்றைக்கும் தப்பாகவே நின்றிருக்கும். நாளைக்கு யார் எதைக் கேட்டு வருவார்கள் என்று எனக்கும் தெரியாது, குழுவுக்கும் தெரியாது. அன்றைக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். திறந்திருக்கும் என்றுதான் நம்புகிறேன். கவிதாவும் சட்டென்று விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

கல்யாணம் முடிந்த இரண்டாவது வாரம் வேலுச்சாமி தனியாக வந்தார். அதற்குள் வள்ளம் உறையிலிருந்து பெட்டிக்குத் திரும்பியிருந்தது. புது விளக்க அட்டை வைத்திருந்தேன். கொடுத்தவர் என்ற இடத்தில் பழையபடி ஊர்ப் பொதுமக்கள்தான். அது நாச்சிமுத்து கேட்டுக்கொண்டது, அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை. அதற்குக் கீழே எங்கள் அட்டைகளில் இல்லாத ஓர் இடத்தை உண்டாக்கி, "அளந்தவர்: நாச்சிமுத்து. விளிம்புக்கு மேல் குவித்து அளப்பது வழக்கம்" என்று எழுதியிருந்தேன்.

வேலுச்சாமி அதை இரண்டு முறை படித்தார். "இந்த வெளக்கப் போட முடியுங்களா அம்மணி?" என்றார். பெட்டி விளக்கைப் போட்டேன். போனை எடுத்து, கண்ணாடியில் தன் நிழல் விழாமல் கொஞ்சம் நகர்ந்து நின்று, அட்டையும் வள்ளமும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தார். பங்காளிகள் குழுவைத் திறந்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் அந்தப் படத்தை அனுப்பினார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையில் போன் விடாமல் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.